வெள்ளைத் தூசு விழும் சேனல்

போன வாரம் ஒரு மத்தியானம் சாப்பிடுவதற்கு மாடியிலிருந்து கீழே இறங்கினேன். மாடியில்தான் என் கேபிள் கன்ட்ரோல் ரூம். கீழே வீடு. நடுவில் பதினாறு படி. ஆனாலும் மத்தியானத்தில் நான் இறங்குவதில்லை. சோறு மேலே வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. படம் இல்லை, வெறும் புள்ளி... கறுப்பும் வெள்ளையுமாகப் பொரிந்துகொண்டிருந்தது. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, என் வீட்டுக்காரம்மா பிலோமினா அதற்கு எதிரே பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் கை கால் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நிற்கும் வரை கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா பிலோ... புள்ளியப் பாத்துகினு கீற?"

"இன்னிக்குப் பனி ஜாஸ்தியா கீதேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள்.

கிண்டலா, நிஜமா? முப்பத்தொரு வருஷமாக இந்த அம்மாவிடம் எனக்கு இதுதான் சிக்கல். முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

வாராவாரம் பத்திரிகையின் இந்த மூலையில் என்னோடு உட்காருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் அஞ்சாவது வரை படித்தவன்; இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பத்திரிகைக்காரர்கள்தான் எழுதிக்கொள்கிறார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கினேன். பழைய கப்பல் சாமான் வாங்கி விற்றேன். கேபிள் டிவி என்றால் ராயபுரத்தில் யாருக்கும் என்னவென்றே தெரியாத காலத்தில், பழைய இரும்புச் சட்டத்தை வளைத்து, கம்பி வலை போர்த்தி, பன்னிரண்டு அடி டிஷ் ஒன்றை இந்தக் கையால் கட்டி மாடியில் ஏற்றினேன். இன்ஜினியர் யாரும் வரவில்லை. புத்தகம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது, அது வேறு விஷயம். வானத்தில் எந்த சாட்டிலைட் எங்கே நிற்கிறது என்று மோப்பம் பிடித்தே திருப்பியவன் நான். இந்தப் பக்கத்து மற்ற ஆபரேட்டர்கள் பதினைந்து சேனல் காட்டிக்கொண்டிருந்தபோது என் லைனில் நாற்பது ஓடியது. சும்மா சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கு நானூறு வீடு. எந்த வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். லைன் கட்டானால் முதல் போன் யாரிடமிருந்து வருகிறது, என்ன சொல்லித் திட்டுகிறார்கள் — அது போதும் எனக்கு.

அப்படிப்பட்ட என்னிடம்தான் கவர்ன்மென்ட் ஒரு சட்டத்தை நீட்டியது. செட் டாப் பாக்ஸ். நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். இலவச சேனல்கள் முன்னைப் போலவே வரும். கட்டணச் சேனல் வேண்டுமென்றால் வீட்டுக்கு ஒரு பெட்டி வைக்க வேண்டும். எந்தச் சேனல் வேண்டுமோ அதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். மற்ற ஊர்களில் ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டார்கள். நம்ம சென்னையில் மட்டும் வந்தேவிட்டது. ஏன் நம்ம தலையில் மட்டும்? டெல்லியில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் ஆபீசருக்குத்தான் வெளிச்சம்.

எல்லாம் ஜனங்கள் தாங்களே தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கத்தானே நான் இருக்கிறேன்?

ஆபரேட்டர்கள் எல்லோரும் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். நான் மைக்கைப் பிடித்தேன். எங்கள் பக்கத்து ஜனத்துக்கு வேண்டியதெல்லாம் இலவசத்திலேயே வருகிறது, பெட்டி எதற்கு, என் லைனில் ஒரு பெட்டி ஏறினால் அன்றைக்கே என்னை ஆபரேட்டர் என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. எதிரே நாலு பேர் கை தட்டினால் ஒரு மனுஷன் என்னவெல்லாம் சொல்லிவிடுகிறான்...

அடுத்தது ஃபாரம். வீட்டுக்கு ஒன்று. பெட்டி வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எந்தெந்தச் சேனல்? கீழே வாடிக்கையாளர் கையெழுத்து. இதை வீடு வீடாகக் கொடுத்து, அவர்கள் நிரப்பி, நான் வாங்கிவர வேண்டும். எங்கள் தெருவில் ஃபாரம் என்று வந்தால் யார் நிரப்புவார்கள் தெரியுமா? கொண்டுவந்தவர்தான். ரேஷன் கார்டுக்கும் அப்படித்தான், கேஸ் கனெக்ஷனுக்கும் அப்படித்தான். அதனால் ஜனங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மூன்று நாள் உட்கார்ந்து நானூறையும் நானே நிரப்பினேன். எல்லாவற்றிலும் "தேவையில்லை". எழுத்துக் கூட்டி எழுதுகிறவன் நான்... அந்த ஒரு வார்த்தை மட்டும் இப்போது முத்து முத்தாக வருகிறது.

கையெழுத்து மட்டும் வாசலில் நின்று வாங்கினேன். நான் நீட்டினேன், அவர்கள் போட்டார்கள். ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. என் வீட்டு ஃபாரத்துக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன்.

குறித்த நாளில் கட்டணச் சேனல்கள் போயின. கிரிக்கெட் போச்சே என்று நாலு பேர், பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் போச்சே என்று அஞ்சு பேர். ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்றேன். அடங்கிவிட்டது. பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா?

அதற்கு அடுத்த வாரம்தான் பிலோமினா புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எந்தச் சேனல் என்று எட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டாம் நம்பர். வெளிநாட்டு ஊர்களைச் சுற்றிக் காட்டும் இங்கிலீஷ் சேனல், கட்டணம் என்று போனதில் ஒன்று. இத்தனை வருஷத்தில் அது வரவில்லை என்று ஒரு போன்கூட வந்ததில்லை. யாரும் பார்ப்பதில்லை என்று முடிவே கட்டியிருந்தேன். எப்படி வரும் போன்? கம்ப்ளெயின்ட் போனை எடுத்துப் பேசுவதே அவள்தானே!

கானாங்கத்தை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். ரெண்டு மணிக்கு அதில் ஒரு ஊர் வருமாம். பேர் தெரியாது. மலை, மரம், ஓட்டு வீடு... எல்லாவற்றின் மேலும் பனி கொட்டிக்கொண்டே இருக்குமாம். லாரி கிடையாது. ஹாரன் கிடையாது. ஒரு ரயில் வரும், அதுகூடச் சத்தம் போடாமல் வருமாம், பஞ்சுக்குள் போகிற மாதிரி. ஒரு பொம்பளை கதவைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வாளாம். அவ்வளவுதான் கதை.

"அதுல இன்னா கீது, தினிக்கும் பாக்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் ஜன்னல் திட்டை ஒரு விரலால் தேய்த்து எனக்குக் காட்டினாள். கறுப்பு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஹார்பர். நிலக்கரிக் கப்பல் சரக்கு இறக்கும் நாளில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போதும். கொடியில் வெள்ளையாகப் போன வேட்டி சாம்பலாக இறங்கும். காலையில் துடைத்த திட்டில் பத்து மணிக்கு விரலால் பேர் எழுதலாம். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தில் பேச என்ன இருக்கிறது என்று நானும் பேசியதில்லை.

"இங்க வுழறத முப்பது வருசமாத் தொடச்சிகினு கீறேன்" என்றாள். "அங்க வுழறது வெள்ளையா வுழுது. யாரும் தொடைக்கல. அப்பிடியே வுட்டுட்டு உள்ள போய் உக்காந்துக்கறாங்க. அத்தப் பாத்தா கை நோவு கொஞ்சம் கம்மியாவுது."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அந்த சாட்டிலைட்டை இந்த ஏரியாவிலேயே முதலில் பிடித்தவன் நான்தான் என்று ஞாபகப்படுத்தினேன்.

"நீ எங்கய்யா புடிச்ச? நீ மேல நின்னு டிஷ்ஷைத் திருப்பிகினே இருந்த. கீழ டிவி முன்னால நின்னு 'வருது, வரல'ன்னு கத்துனது நானு. 'போதும், நிறுத்து'ன்னு சொன்னேனே, படம் தெளிவா வந்துச்சின்னா சொன்னேன்? அந்த ஊர்ல பனி வுழுந்துது. அதான் நிறுத்தச் சொன்னேன்."

என் லைனுக்கு நாற்பது சேனல் வந்த கதை இதுதான். பதினொரு வருஷமாக எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன்...

சரி, ஒரு வழி சொன்னேன். பெட்டியை மாடியில் கன்ட்ரோல் ரூமில் மறைத்து வைத்துவிடுகிறேன். அங்கிருந்து நம்ம வீட்டுக்கு மட்டும் ஒரு வயர். யாருக்கும் தெரியாது. மண்டபத்தில் நான் சொன்ன வார்த்தையும் நிற்கும், உன் ரெண்டு மணியும் நிற்கும்.

அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நானூறு வூட்டுக்கும் ஃபாரம் குடுத்தல்ல? எனுக்கு ஒண்ணு குடு."

கொடுத்தால் என் வார்த்தை போச்சு. மைக்கில் பேசிய வார்த்தை, அத்தனை ஆபரேட்டரும் கேட்ட வார்த்தை. கொடுக்காவிட்டால் அவள் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எதுவும் கேட்கமாட்டாள். ரெண்டாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ரெண்டு நாள் மாடியில் டிஷ் நிழலில் உட்கார்ந்து யோசித்தேன். எதிரே ஹார்பர். கிரேன்கள் தலையை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தன. கண்ணை லேசாக மூடினேன்... வெள்ளையாக ஏதோ விழ ஆரம்பித்தது. முதலில் கிரேன் மேல். அப்புறம் அடுக்கி வைத்த கன்டெய்னர் மேல். காசிமேட்டுப் படகுகள் மேல், வலைகள் மேல். மாதா கோயில் கோபுரம் வெளுத்தது. எண்ணூர் ரோடு நீளத்துக்கும் வரிசையில் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக இன்ஜினை அணைத்தன. டிரைவர்கள் கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தார்கள். கரிக் குவியல்கூட ஒரு மலை மாதிரி வெள்ளையாக, சாதுவாக உட்கார்ந்திருந்தது. ராயபுரம் முழுக்க ஒரு சத்தம் இல்லை. யாரும் எதையும் துடைக்கவில்லை...

கண்ணைத் திறந்தபோது சட்டைக் காலரில் கரி. தட்டிவிட்டுக்கொண்டு கீழே இறங்கி ஃபாரத்தைக் கொடுத்தேன்.

பிலோமினா தரையில் உட்கார்ந்து, ஃபாரத்தை முக்காலி மேல் வைத்து எழுதினாள். பெட்டி — வேண்டும். சேனல் — ஒன்றே ஒன்று. தன் பேரை எழுத ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் கையெழுத்துப் போட்டு நான் கடைசியாகப் பார்த்தது மாதா கோயிலில் கல்யாணத்தன்றைக்கு. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் நான். கரண்டு என் பேரில். வீட்டு வரி என் பேரில். டிவி வாங்கிய ரசீதுகூட என் பேரில்தான். உனக்கு என்ன வேண்டும் என்று இந்த வீட்டில் அவளை முதன்முதலாகக் கேட்டது யார்? டெல்லியில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆபீசர். நான் திட்டிக்கொண்டே இருந்த ஆள்.

பாரிமுனையில் பெட்டியை வாங்கி ஆட்டோவில் வந்தேன். தெருமுனையில் இறங்கிவிட்டேன். துணியில் சுற்றி எடுத்துப் போயிருக்கலாம். போகவில்லை. தோளில் வைத்து, படம் போட்ட பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, நட்ட நடுத்தெருவில் நடந்தேன். செய்வதைச் செய்தால் ஒளித்துச் செய்யக் கூடாது, அது என் குணம்.

எதிர்வீட்டு துரைராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். என் வயசு.

"இன்னா வாத்யாரே" என்றார். "மண்டபத்துல மைக்குல பேசுனது யாரு, உன் தம்பியா?"

"நான்தான் பேசுனேன். இத்தத் தூக்கிகினு வர்றதும் நான்தான்."

"அப்ப எனுக்கும் ஒரு ஃபாரம் குடு. இந்த வாட்டி நானே எழுதிக்கறேன். உன் கையெழுத்து நல்லாத்தான் கீது, ஆனா ஒரே வார்த்தைதான் எழுதுது."

தெருவே சிரித்தது. ஆபரேட்டர் சங்கத்தில் ரெண்டு பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை. இருக்கட்டும். அந்த வாரக் கடைசிக்குள் இருபத்திரண்டு பேர் வந்து ஃபாரம் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த ஃபாரங்களைப் படித்தேன். துரைராஜ் கிரிக்கெட் கேட்பார் என்று என் தலையை வைத்துப் பந்தயம் கட்டியிருப்பேன். கார்ட்டூன் கேட்டிருந்தார். வீட்டில் பிள்ளைகளே கிடையாது. புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேர்.

ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் — இன்றைக்கும் சொல்வேன், இந்தப் பக்கத்தில் என்னளவு தெரிந்தவன் எவனும் இல்லை. ஆனால் தெரிந்துவைத்திருப்பவன் கேட்பதில்லை. அதுதான் அவன் கோளாறு.

பெட்டி வந்த அன்றைக்கே, மாட்டி முடித்தபோது சரியாக ரெண்டு மணி. முப்பத்தெட்டைப் போட்டேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. பிலோமினா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். முதன்முதலாக அந்த நேரத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

பனியைக் காணோம். பாலைவனம்.

"இரு" என்றாள், கண்ணை எடுக்காமல். "வரும்."

மூன்று மணி வரைக்கும் ஒட்டகம்தான் நடந்தது... பரவாயில்லை, நன்றாகவே நடந்தது.