ஹட்டனில் ரத்தம், நுவரெலியாவில் வரி

ஓய்வு பெற்ற பிறகு இலங்கை மலையகத்தில் போய்க் குடியிருக்கலாமா என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது எழுதுகிறீர்கள். குளிர் எப்படி, வாடகை எவ்வளவு, அருவி பக்கமா என்று கேட்பீர்கள். மாத்திரை எங்கே கிடைக்கும், வரியை எந்த நாட்டுக்குக் கட்டுவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அருவியைவிட அவைதான் முக்கியம். அதனால் கடந்த ஜூன் மாதம் அந்த இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் முடிக்க நான் போய்வந்த பயணத்தை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வரி. திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்தாறு, சர்க்கரை நோய்க்கு வயது ஒன்பது. கணவர் இல்லை. ஒரே மகன் திருச்சியில் இருக்கிறான். ஹட்டனுக்குப் பக்கத்தில் றொசல்லயில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை ஒட்டினாற்போல் ஒரு சின்ன வீட்டில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். திருச்சியில் ஒரு மே மாதம் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது. விசா வாங்கிய கதையை முன்பே எழுதியிருக்கிறேன், தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்துக்கு முன்னால் ஒரு வில்லங்கம் நடந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை தொடர்ந்து இரண்டு முறை இருநூறைத் தொட்டுவிட்டது. நுவரெலியாவில் நான் பார்க்கும் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் இன்சுலின்தான் என்றார். இதை மகனிடம் சொன்னது என் தப்பு. "ஊசி போடுற நிலைமைன்னா நீங்க அங்க தனியா இருக்க வேணாம்மா. ரிப்போர்ட் வந்த அன்னைக்கே டிக்கெட் போடுறேன்" என்று முடித்துவிட்டான். அவனுக்குக் கோபம் வந்தால் சமாளிக்கலாம். அன்பு வந்துவிட்டால் யாராலும் முடியாது.

ஆகவே நான் இந்த மலையில் இருப்பதா, பெட்டியைக் கட்டுவதா என்பது ஒரு ரத்தப் பரிசோதனையில் வந்து நின்றது. ரத்தத்தை முந்தின வாரமே ஹட்டனில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டேன். முடிவை வாங்கிக்கொண்டு நுவரெலியா போய், காலையில் வரி அலுவலகம், மதியம் டாக்டர் என்று திட்டம்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். வழக்கம்போல் அடுத்த லயத்துப் பார்வதி, ஒரு கையில் தேத்தண்ணி டம்ளரும் மறு கையில் குடையுமாக வாசலில் நின்றாள். கொழுந்து பறிக்கிறவள், நாற்பத்தைந்து வயது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகிற அவசரத்திலும் நான் வெளியூர் கிளம்பும் நாளில் இது தவறாது.

"குடிச்சிட்டுப் போங்க அக்கா. வெளிய கெளம்புற ஆள வெறும் வாயோட அனுப்பக் கூடாது."

"மழையில நனைஞ்சுக்கிட்டு ஏம்மா இதெல்லாம்?"

"நனஞ்சா காஞ்சிருங்க. சூடு ஆறுனா தேத்தண்ணி நல்லாவா இருக்கும்?"

தேத்தண்ணி என்றால் தேநீர். பால் இல்லாத சாயத் தேத்தண்ணி, நாக்கில் ஒட்டும் அளவுக்குச் சீனி. இங்கே எந்த வீட்டில் கொடுத்தாலும் அப்படித்தான். மறுத்தால் முகம் வாடிவிடும். அன்று டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, இன்னும் எத்தனை முறை இவளிடம் வாங்கிக் குடிக்கப் போகிறோமோ என்று நினைத்துக்கொண்டேன்.

றொசல்லயிலிருந்து ஹட்டன் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். ரவூப் நானாவின் ஆட்டோவில் போனேன், ஆயிரம் ரூபாய். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். (இந்தப் பதிவில் வரும் பணமெல்லாம் இலங்கை ரூபாய். இந்தியக் கணக்கில் போட்டுப் பார்த்து மயங்கி விழாதீர்கள்.) பரிசோதனை நிலையத்தில் கவரை வாங்கி வாசலிலேயே பிரித்தேன். முதல் வரியைப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாலு. கீழே இன்னும் ஏதேதோ எண்கள் இருந்தன. பார்க்கத் தெம்பில்லாமல் மடித்துப் பைக்குள் திணித்துவிட்டேன்.

"என்னங்கம்மா, மொகம் சரியில்லையே?" என்றார் ரவூப் நானா.

"ஊருக்குப் போகச் சொல்லிருவாங்க போல நானா."

"யார் சொல்றது? டாக்டரா, மகனா?"

"ரெண்டு பேரும்."

"டாக்டர்ட்ட மொதல்ல கேளுங்கம்மா. மகன்மார் எப்பவும் பயந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்று சொல்லி, நுவரெலியா பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக ஓர் இடமும் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சாதாரண பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஏறிக்கொண்டே போகும். டிக்கெட் முன்னூறுக்குள்தான். வழியில் இரண்டு பெரிய நீர்வீழ்ச்சிகள் உண்டு. உங்களில் பலர் அவற்றைப் பார்க்கவே வருவீர்கள். நான் அன்று பார்த்தது என் பையின் ஜிப்பை மட்டும்தான்.

பத்தரைக்கு வரி அலுவலகம். இதை ஏன் செய்ய வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை ஒரு வரி ஆண்டு. அதில் நூற்று எண்பத்து மூன்று நாளோ அதற்கு மேலோ இங்கே தங்கியிருந்தால் வரிக் கணக்கில் நீங்கள் இங்கத்தவர். வரி இலக்கம் எடுக்க வேண்டும். ஓய்வூதியம் இந்தியாவில் வருகிறது, அங்கேயே பிடிக்கிறார்கள், இவர்களுக்கு என்ன என்று நினைத்து நானும் ஒரு வருடம் சும்மா இருந்தேன். முப்பது வருடம் கணக்கு எழுதியவளுக்கே இந்தப் புத்தி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையில் இருந்த சிங்களப் பெண் அதிகாரிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். நிதானமாக, தெரிந்த தமிழில் பேசினாள். கடவுச்சீட்டின் முத்திரைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா இந்த வருஷமும் இங்கதானே இருக்கிறது? போறது இல்லைதானே?"

வழக்கமான கேள்விதான். தினம் நாலு பேரிடம் கேட்பாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஏப்ரலுக்குப் பிறகு இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. ஜூலையில் மகன் அழைத்துப் போனால் நான் இந்த ஆண்டு இங்கத்தவள் இல்லை.

"டாக்டரைப் பாத்துட்டு வந்து சொல்லலாமா?" என்றேன்.

அவள் ஒரு விநாடி விழித்தாள். வரிக் கேள்விக்கு டாக்டரிடம் பதில் கேட்டு வருகிறேன் என்ற ஆளை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள். "பரவாயில்லை. மூணு மணிக்கு முன்ன வாங்க" என்று என் காகிதங்களைத் தனியே எடுத்து வைத்தாள்.

டாக்டரிடம் பன்னிரண்டரைக்குச் சேனல் செய்திருந்தேன். இங்கே தனியார் டாக்டரிடம் முன்பதிவு செய்வதைச் சேனல் பண்ணுவது என்பார்கள். கட்டணம் இரண்டாயிரத்து எண்ணூறு. டாக்டர் கந்தப்பளைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், சிரிப்பை அளந்துதான் தருவார். ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் மேலே போனார்.

"கை நடுங்குதா?"

"மத்தியானத்துல. வேர்க்குது, படபடன்னு வருது. ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டா சரியாகிருது."

"மூணு மாசச் சராசரி, அந்த எச்பிஏ1சி, ஒங்களுக்கு ஆறு புள்ளி எட்டு. இந்த வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா வெறும் வயித்துல இருநூத்திப் பதினாலு. ரெண்டும் ஒத்து வரலியே. அன்னைக்கிக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒன்னுமே சாப்பிடல டாக்டர். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதோட சரி."

"தேத்தண்ணி?"

"அது குடிச்சேன்."

"சீனி போட்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்தம் கொடுக்கப் போன மூன்று முறையும் நான் விடிகாலையில் கிளம்பினேன். மூன்று முறையும் பார்வதி வாசலில் நின்றாள். திருச்சியில் இருந்தவரை ரத்தம் கொடுக்கும் நாளில் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டேன். இங்கே வந்து இரண்டு வருடத்தில், தேத்தண்ணியைச் சாப்பாட்டில் சேர்க்காத ஊரோடு நானும் சேர்ந்துவிட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாமலே.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, அளக்காமல் சிரித்தார். "எங்க அம்மாவும் இப்படித்தாங்க. கிளினிக் போற அன்னைக்கி மூணு வீட்டுல குடிச்சிட்டுப் போவாங்க. கேட்டா, ஒன்னும் சாப்பிடலன்னு சாமி மேல சத்தியம் பண்ணுவாங்க. இங்க முக்காவாசிப் பேர் அப்படித்தான். இதப் போன தடவையே நான் ஒங்ககிட்ட கேட்டிருக்கணும்."

மாத்திரையைக் கூட்டியதால்தான் மதிய நடுக்கம் என்றார். பழைய அளவுக்கே இறக்கினார். இன்சுலின் பேச்சே எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, தேத்தண்ணி குடிக்காமல், இன்னொரு முறை ரத்தம் கொடுக்கச் சொன்னார். எழுந்து நின்றபோது கும்பிட்டுவிட்டேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வரி அலுவலகத்துக்கு நடந்தே போனேன். மழை விட்டிருந்தது. உலகத்தில் வேறு யாராவது வரி அலுவலகத்துக்கு அவ்வளவு சந்தோஷமாகப் போயிருப்பார்களா தெரியாது. அந்தப் பெண் என்னைக் கண்டதும் பேனாவை எடுத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னது அம்மா?"

"இருக்கச் சொல்லிட்டார். வருஷம் முழுக்க இங்கதான் இருப்பேன்."

"அப்போ வரியும் இருக்கும்" என்றாள் சிரிக்காமல். பிறகு சிரித்துவிட்டாள்.

அவள் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஓய்வூதியத்துக்கு எந்த நாட்டில் வரி, ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்தில் கட்டாமல் இருக்க எந்தச் சான்று வாங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். ஸ்தூத்தி என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதிகம் பயன்படுவது அந்த நன்றிதான். வரும் வழியில் அந்த இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் கண்ணாரப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன, வாருங்கள்.

வீட்டுக்கு வரும்போது ஆறு மணி. பார்வதி என் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். சொல்லாவிட்டால் அடுத்த முறையும் டம்ளர் வரும். சொன்னேன்.

"என் தேத்தண்ணியாலயா அக்கா ஒங்கள ஊருக்கு அனுப்பப் பாத்தாங்க?" என்று கேட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"அனுப்பலயே. இருக்கச் சொல்லிட்டாங்கல்ல."

"இனிமே தேத்தண்ணியே தர மாட்டேன் போங்க."

"அப்படின்னா நான் இங்க எதுக்கு இருக்கணும்?" என்றேன். அதற்குத்தான் சிரித்தாள்.

இரண்டாம் வாரம் ரத்தம் கொடுக்கக் கிளம்பிய காலையில் அவள் வெறுங்கையோடு வந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஆட்டோ கிளம்பும்போதுதான் முந்தானைக்குள் இருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து ரவூப் நானாவிடம் கொடுத்தாள். "ரத்தம் எடுத்து முடிஞ்சப்பறம் அக்காவுக்கு ஊத்திக் குடுங்க நானா. சீனி போடல. முன்ன கேட்டாலும் குடுத்துறாதீங்க." அவரும் அதை ஏதோ பணப்பெட்டி மாதிரி மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினார். இந்த மனிதர்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரியவில்லை. நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இனி உங்களுக்கு. ரத்தம் கொடுக்கும் நாளில் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், முந்தின நாளே பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திருச்சியில் வாங்கும் மருந்து இங்கே வேறு பெயரில் இருக்கும், மருந்தின் மூலப்பெயரை எழுதி வையுங்கள். வெளிநாட்டில் குடியேறியவர் ஆனபின் இந்திய வங்கியில் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வரி பிடிக்காதீர்கள் என்று கொடுக்கும் 15எச் படிவத்தையும் கொடுக்கக் கூடாது. நவம்பரில் உயிர்வாழ் சான்று மறக்க வேண்டாம், மறந்தால் உயிரோடு இருந்துகொண்டே ஓய்வூதியம் நின்றுபோகும். கடவுச்சீட்டில் வந்த நாள், போன நாள் முத்திரை தெளிவாக விழுந்ததா என்று விமான நிலையத்திலேயே பாருங்கள். என் கணக்கு என்னுடையது, உங்களுடையதை ஓர் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

பிளாஸ்க்கோடு போன அந்த முறை வெறும் வயிற்று எண் நூற்று இருபத்தெட்டு. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். டிக்கெட் போட ஆயத்தமாக இருந்தவனின் குரல் இறங்கியிருந்தது.

"சரிம்மா. அப்ப எப்பதான் வருவீங்க?"

"பொங்கலுக்கு வர்றேன்டா" என்றேன். "ஒரு பத்து நாள் இருந்துட்டு வீட்டுக்குத் திரும்பிருவேன்."