மூணாம் நம்பர் மைக்

என் அண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. யாரும் கூப்பிடுவதில்லை. தெருவில் எல்லோருக்கும் அவன் 'டெஸ்டிங்'. வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கும்வரை ஸ்பீக்கர்காரன், கலர் விளக்கு எரிந்ததும் டிஜே. கூட்டத்தையே ஆடவைக்கிறவன், ஒருநாள்கூடக் காலை அசைத்து ஆடி நான் பார்த்ததில்லை. கேட்டால், "என் ஒயரை யாரும் மிதிக்காம இருந்தா போதும்மா" என்பான். வாயைத் திறந்தால் இரண்டே பேச்சு: ஒன்று ஒயர், இன்னொன்று அண்ணி.

நானும் அண்ணியும் ஒரே தையல் கம்பெனி. நான் காலர் தைப்பவள், அவள் செக்கிங் சூப்பர்வைசர். என்னை அங்கே சேர்த்துவிட்டது அவள்தான். கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஸ்பீக்கர் வைக்கும் வேலையை மேனேஜரிடம் பேசி அண்ணனுக்கு வாங்கித் தந்ததும் அவள்தான். மேடையில் எங்கள் எல்லோர் சார்பிலும் நன்றி சொல்லப்போவதும் அவளே. ஒரு வாரமாகக் கரண்டியை மைக்காகப் பிடித்துப் பேசிப் பார்த்தாள். அண்ணன் ஒவ்வொரு தடவையும் கை தட்டினான். எங்கள் காதுதான் புளித்துப்போனது.

விழா அன்று மதியமே ஹாலுக்குப் போய்விட்டோம். அண்ணன் மூலைக்கு மூலை நின்று கையைத் தட்டி எதிரொலி பார்த்தான். ஸ்பீக்கர்களை ஸ்டாண்டில் ஏற்றிக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினான். பேஸ் பெட்டியை மேடையில் வைக்கச் சொன்ன மேனேஜரிடம், "பலகை அதிரும் சார், நீங்க பேசறப்ப பல்லும் சேர்ந்து ஆடும்" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே வைத்தான். மேனேஜர் சிரித்துக்கொண்டே காலர் மைக்கை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டு மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குப் போனார். இடுப்பில் மாட்டியிருந்த மைக் பெட்டியின் சுவிட்சை அணைக்கவில்லை.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அண்ணனின் மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சின்ன பட்டன் உண்டு. அமுக்கினால் அந்த மைக்கில் பேசுவது அவன் ஹெட்போனில் மட்டும் கேட்கும், ஹாலில் கேட்காது. மேனேஜரின் காலர் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூணாம் நம்பரை அமுக்கினான். நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பேயறைந்த மாதிரி நிற்கிறான். ஓடினேன்.

"கம்பெனிய மூடறாங்களாம்மா." ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னான். "நாளைக்குக் காலைல கேட்ல பூட்டு. இன்னைக்கு எல்லாரையும் ஆடவிட்டு அனுப்பிடணும்னு யார்கிட்டயோ போன்ல சொல்றார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உளறாதண்ணா. புதுசா ஆர்டர் வந்திருக்குன்னு நேத்துதான் சொன்னாங்க."

"நீயே கேளு." யாரையும் தொடவிடாத ஹெட்போனை அவனே கழற்றி என் தலையில் மாட்டினான்.

கதவு திறக்கும் சத்தம். வளையல் சத்தம். "கூப்பிட்டீங்களா சார்?" கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக, அண்ணியின் குரல்.

கம்பெனியை மூடப்போவதை மேனேஜர் அவளிடமும் சொன்னார். பிறகு, "உன்னை மட்டும் புது இடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்மா. நீ மேடைல நன்றிய நல்லபடியா சொல்லிடு. வெளிய மூச்சு விடக்கூடாது. வீட்டுக்காரர்கிட்டகூட" என்றார்.

வளையல் ஒரு தடவை குலுங்கியது.

"என் நாத்தனார் சார்?"

"அது முடியாதும்மா."

ஒரு தடவை கேட்டாள். ஒரே ஒரு தடவை. "சரிங்க சார்" என்றாள்.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. வேலை போனதுகூட எனக்கு அந்த நிமிஷம் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவள்! அண்ணன் என் தோளை உலுக்கினான். "என்னம்மா? இன்னும் என்ன சொல்றார்?"

அவன் முகத்தைப் பார்த்தேன். "ஒண்ணும் கேக்கலண்ணா" என்று ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். என் நாக்கு எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் ஒயரின் முனையைத் திருகிப் பார்த்தான்.

"நீ அண்ணிகிட்ட எதுவும் சொல்லிடாத. மேடையேறப் போறவ, உடைஞ்சு போயிடுவா. அவ பேசி இறங்கட்டும், அப்புறம் நானே மைக்கை எடுத்து எல்லாருக்கும் சொல்லிடறேன்."

ஹால் நிரம்பியது. என் வரிசைப் பெண்கள் புதுத்துணியில் வந்து முன்னால் உட்கார்ந்து என்னைக் கையாட்டிக் கூப்பிட்டார்கள். நான் மிக்சர் பக்கத்திலேயே நின்றேன். அண்ணி மேடையேறினாள். "இந்தக் கம்பெனி நமக்கு ஒரு குடும்பம் மாதிரி" என்று ஆரம்பித்தாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

குரல் கடைசி வரிசைவரை போகவேண்டும் என்று அண்ணன் அவள் மைக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பாவம்மா அவ" என்றான் என்னிடம். "ஒண்ணும் தெரியாம நன்றி சொல்லிட்டிருக்கா."