இடியாப்பத் தட்டும் தீப்பந்தும்

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வருவதாக அவன் சொல்லியிருந்தான். காலை ஒன்பது மணிக்கே நான் வாசலை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நான் பிறவியிலேயே பயந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் காரைத் திருப்புகிற ஆள். ஆனால் அன்றைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அவன் எங்கள் வீட்டுப் படியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வராமல் போனதற்கு நான்தான் காரணம்.

அவன் என் தம்பியோடு படித்தவன். டைல்ஸ் பதிக்கும் வேலை. தஞ்சோங் கிளிங் பக்கம் கட்டிய புது வீடுகள் பலவற்றில் அவன் கை பட்டிருக்கிறது. புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் உட்கார்ந்து விளையாடுவோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, பூதங்களோடு சண்டை போடுகிற கதை விளையாட்டு. கதையை நடத்துவதும், விதியில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் என் பொறுப்பு. வாரம் முழுக்கப் பல் கிளினிக் கவுண்டரில் எல்லாரிடமும் திட்டு வாங்கும் நான் அந்த மேசையில் மட்டும் நீதிபதி. அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்றால் பொய்.

சண்டை வந்தால் கட்டம் போட்ட தாளை விரிப்போம். ஓர் அங்குலக் கட்டம் கதையில் ஐந்தடி. ஆட்களுக்குப் பதில் சட்டைப் பட்டன்கள். வாள் சண்டையில் சிக்கலே இல்லை, பக்கத்துக் கட்டத்தில் நிற்பவனுக்கு அடி. வம்பெல்லாம் ஓர் இடத்தையே வளைத்துத் தாக்கும் மந்திரங்களில்தான். தம்பியின் மந்திரவாதியிடம் ஒரு தீப்பந்து உண்டு. வெடித்தால் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் இருபது அடி எரியும். நம்மாள், எதிராள் என்று பார்க்காது. ஒரு கட்டத்தில் பாதிக்கு மேல் வட்டத்துக்குள் வந்தால் அதில் நிற்பவனும் எரிவான்.

பாதி வந்ததா இல்லையா என்று யார் சொல்வது? இதற்காகவே இரண்டு ஞாயிறு வாய்ச்சண்டை நடந்தது. கடைசியில் அம்மாவின் வட்டமான பிரம்பு இடியாப்பத் தட்டுதான் பஞ்சாயத்துப் பண்ணியது. அளந்து பார்த்தோம், குறுக்கே சரியாக எட்டு அங்குலம். நடுவிலிருந்து இந்தப் பக்கம் நாலு கட்டம், அந்தப் பக்கம் நாலு கட்டம். பிரம்புப் பின்னலின் சந்தில் கீழே இருக்கும் பட்டனும் தெரியும். அன்றிலிருந்து தம்பி தீப்பந்து என்றால் நான் அடுப்படிக்குப் போய்த் தட்டு ஒன்றை எடுத்து வருவேன்.

தம்பியின் அந்த நண்பனுடைய பாத்திரம் ஒரு வைத்தியர், சிவப்புப் பட்டன். மூன்று வருடம் அந்த வைத்தியராக விளையாடினான். யாருக்கு என்ன காயம், எப்படிக் காப்பாற்றினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். நாங்கள் கிண்டல் செய்வோம். அவன் சிரித்துக்கொண்டே எழுதுவான்.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிறு. குகைக்குள் எதிரிகள் சூழ்ந்துவிட்டார்கள். வைத்தியர் தப்பிவிடுவார் என்று மனக்கணக்குப் போட்டுத்தான் தம்பி தீப்பந்தை எறிந்தான். நான் தட்டை வைத்தேன். சிவப்புப் பட்டன் இருந்த மூலைக் கட்டம் பாதிக்கு மேல் உள்ளே இருந்தது. வைத்தியருக்கு முன்பே பலத்த காயம், தாங்க மாட்டார்.

"அக்கா, ஒரு தடவ அளந்து பாத்துருங்களேன்," என்றான் அவன்.

எனக்குச் சுருக்கென்றது. எல்லார் முன்னாலும் என் தீர்ப்பைச் சந்தேகப்படுகிறான் என்று தோன்றியது. தட்டு சொன்னால் சொன்னதுதான், ஆட்டத்தை நிறுத்தாதேலா என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான். சிவப்புப் பட்டனைத் தானே எடுத்து டப்பாவில் போட்டான். அடுத்த வாரம் ஓவர்டைம் என்றான். அதற்கடுத்த வாரம் சொந்தத்தில் கல்யாணம் என்றான். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான். விளையாட்டில் செத்ததற்குப் போய்க் கோபமா என்று வெளியில் பேசினேன். உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது.

போன வாரம் மீன் வாங்கப் போன தம்பி அவனைப் பாசாரில் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான். வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

அதனால்தான் அன்று காலையே எல்லாவற்றையும் எடுத்து வைக்கப் போனேன். அம்மா இடியாப்பம் அவித்து முடித்துத் தட்டுகளைக் கழுவி வைத்திருந்தார். ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தேன். கீழே இருந்தது சுற்றிலும் எட்டிப் பார்த்தது. அம்மாவைக் கேட்டேன். பழசு சிலது பிரிந்துபோனதால் தெங்கேராக் கடையில் அரை டஜன் புதிதாக வாங்கினேனே என்றார். எப்போது என்றேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளிக்கு முன்னால் என்றார்.

அளந்தேன். பழசு எட்டு, புதுசு ஒன்பது. ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் கூடுதல். தாளை விரித்து, இன்னும் மறக்காத அந்த மூலைக் கட்டத்தில் சிவப்புப் பட்டனை வைத்தேன். புதுத் தட்டில் வைத்தியர் எரிந்தார். பழைய தட்டில் கட்டத்தின் பெரும்பகுதி வெளியே இருந்தது. வைத்தியர் சாகவே இல்லை.

புதுத் தட்டுகளை அலமாரிக்குள் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? மதியம் சோறு இறங்கவில்லை. இவ்வளவு பெரிய பூசணிக்காயை மறைக்கிற அளவுக்குத் தட்டில் சோறும் இல்லை. சொன்னால் மறுபடி எழுந்து போய்விடுவானோ என்பதுதான் என் பயம். அவன் இல்லாத இரண்டு வருடம் அந்த மேசை நன்றாகவே இல்லை.

சரியாக இரண்டு மணிக்கு வந்தான். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பீசாங் கோரேங் சூடாக வாங்கி வந்திருந்தான். அம்மாவிடம் நலம் விசாரித்தான். புது நோட்டைத் திறந்து புதுப் பாத்திரத்தைக் காட்டினான். ஒரு வில்லாளி. எப்போதும் கூட்டத்தைவிட்டுத் தள்ளியே நிற்பானாம். அதைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை.

இரண்டு தட்டுகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. வைத்தியர் பிழைத்துக்கொண்டார் என்று கதையை மாற்றிவிடலாம், என் தப்பு என்றேன். தம்பி தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாங்க்கா. செத்தவரு செத்தவரா இருக்கட்டும், அழுது முடிச்சிட்டேன்," என்றான் அவன். பிறகு புதுத் தட்டின் விளிம்பைத் தடவினான். "எனக்கு அன்னைக்கே தெரியும். டைல்ஸ் வெக்கிறவன் கண்ணுக்கு அரை இஞ்ச் தெரியாதா?"

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன்.

அவன் கால்சட்டைப் பாக்கெட்டிலிருந்து, வேலைக்குக் கொண்டுபோகும் அளவு டேப்பை எடுத்து மேசையில் வைத்தான்.

"அன்னைக்கும் இது என் கையிலதான் இருந்துச்சு. நீங்க சரி, அளப்போம்னு சொல்வீங்கன்னு மேசைக்கு அடியில பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

டேப்பை எடுத்தேன். எல்லார் முன்னாலும் புதுத் தட்டின் குறுக்கே இழுத்துப் பிடித்து, "ஒன்பது" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.