மானவேலனின் மூன்றாம் பாகம்

கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டும் பீட்டருக்கு மானவேலன் என்றால் உயிர். மானவேலன், வாரப் பத்திரிகையில் தொடராக வந்த ஒரு சரித்திரக் கதையின் நாயகன். கொக்கியை இறக்கும்போதெல்லாம் பீட்டர், "பாலம் இறங்கட்டும்!" என்று மேலிருந்து முழங்குவார்.

"அண்ணே, கோட்டைய அப்பால புடிக்கலாம், மொதல்ல கம்பிய எறக்கு" என்று கீழேயிருந்து பதில் வரும்.

வாரம் ஒரு கவளமாகக் கதை படிப்பது அவருக்கு ஆகாது. பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, பாகம் முடிந்ததும் பைண்டு செய்து, ஒரே மூச்சில் படிப்பார். இரண்டு பாகங்கள் அப்படி முடிந்தன. மூன்றாம் பாகத்தை பைண்டிங் கடை வாசலிலேயே துளசிராமன் கேட்டு வாங்கிக்கொண்டார். கூட வேலை பார்த்தவர். அடுத்த மாதமே வேலையை விட்டு ஆர்.கே.பேட்டைக்கு விவசாயம் பார்க்கப் போய்விட்டார். புத்தகமும் போயிற்று. ஆனால் யார் கேட்டாலும், மானவேலன் முடிசூடிக்கொண்டான் என்றே பீட்டர் சொல்லிவந்தார். வேறு எப்படி முடியும்?

வருஷங்கள் ஓடின. மகள் ஸ்நேகாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானப் பெயர் ஜோசப். வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். பீட்டர் முந்திக்கொண்டார்.

"மானவேலன்!"

"ஆளு நல்லவன்தானா நைனா?" என்றாள் ஸ்நேகா. "எப்புடி முடிசூட்டிக்கினான், சொல்லு."

மூன்றாம் பாகத்தைப் பீட்டர் படிக்கவே இல்லை என்ற உண்மை வெளியே வந்தது.

மருமகன் ரகு சிரித்தான். "முடிவே தெரியாத ஆளு பேர எப்புடி மாமா வைக்கிறது? ஞாயித்துக்கெழமைக்குள்ள படிச்சிட்டு வாங்க. நல்லவனா இருந்தா அதே பேரு."

மறுநாளே பீட்டர் ஆர்.கே.பேட்டைக்கு பஸ் ஏறினார். வரப்பில் நின்றிருந்த துளசிராமன் அவரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"திருப்பித் தரணும்னு நெனைக்காத நாளில்லைய்யா. நீ படிச்சா பேஜாராயிடுவ. அதான் குடுக்கல."

திரும்பும் பஸ்ஸில் பீட்டர் படித்தார். மானவேலன் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான், எதிரிப் படைக்கு. தந்திரமாக இருக்கும் என்று பக்கத்தைத் திருப்பினார். தந்திரமில்லை. எதிரி கொடுத்த நாட்டை வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருந்தான்.

"இன்னா பெரியவரே அழுவுற? யாருனா செத்துட்டாங்களா?" என்றார் கண்டக்டர்.

"வேண்டியவம்பா" என்று பீட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்தார்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மானவேலன் வேணாம். துரோகி" என்றார் பீட்டர். "ஆதவன்னு வைங்க."

"ஆதவன்! சூப்பரா கீது நைனா" என்றாள் ஸ்நேகா.

"அது யாரு மாமா?"

"மானவேலனோட கூட்டாளி. ஆத்துல, போர்ல, எங்கியும் அவன உட்டுப் போகல. கோட்டைக் கதவு தொறந்தப்ப மட்டும் உள்ள வரமாட்டேன்னு நின்னுட்டான். ரோசக்காரன்."

ரகுவுக்கும் பிடித்துப்போயிற்று. பெயர் முடிவாயிற்று.

முதல் இரண்டு பாகங்களைக் கல்யாணமான நாள் முதல் கேட்டுக் காது புளித்தவள் பீட்டரின் மனைவி ஜெபா. மானவேலன் ஏறிப்போகும் வெள்ளைக் குதிரையின் பெயர் அவளுக்குத் தெரியாதா? பேரனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, புருஷனைப் பார்க்காமலே கேட்டாள்:

"இன்னாங்க, புள்ளைக்குக் கொள்ளு ஊற வைக்கட்டுமா?"