வெள்ளிமலைக் கொள்ளு ரசத்தின் மேல் ஒரு படையெடுப்பு

குளிர்காலத்தில் எண்ணெய், நெய் இல்லாமல் சாப்பிட்டால் உடம்பு உள்ளிருந்தே உறைந்துபோகும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித் தந்ததல்ல, நானே கண்டுபிடித்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருஷமாக பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறேன். மார்கழியில் ஊரே போர்த்திக்கொண்டு நடக்கும்போது எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற எனக்கு மட்டும் குளிர் தெரியாது. ஆகவே எண்ணெய்தான் சூடு என்று முடிவு கட்டினேன். சட்டிக்குக் கீழே அடுப்பு எரிகிறது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன மார்கழியில் என் மகள் செல்வி, கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். ஒப்பந்த நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம். போட்டோவில் ஒரு தட்டு, தட்டில் பாதிக்கு மேல் கீரை, பக்கத்தில் தண்ணீர் மாதிரி ஏதோ ஒரு ரசம், பின்னால் செல்வி. கழுத்தெலும்பு தெரிந்தது. என் மனைவி வசந்தா அந்த எலும்பை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஆடு துன்றதைத் துன்னுகினு இருக்கா. போய் கூட்டிகினு வாங்க. இங்கயே ஒரு ஆஸ்பத்திரியில வேலை சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை சேரணும்."

எதிர்த்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. நாற்பது அதிரசம், ஒரு டப்பா கார பூந்தி, அரை கிலோ நெய். இதுதான் என் ஆயுதக் கிடங்கு. செவ்வாய்க்கிழமை விடியற்காலை பஸ் ஏறினேன்.

கச்சிராயபாளையம் வரை சமவெளி. வடக்கனந்தல் பக்கம் கரும்பு லாரிகள் வழி மறித்தன. டீ பன்னிரண்டு ரூபாய், வடை பத்து ரூபாய். வடையைத் தொழில் முறையில் பரிசோதித்தேன்: எண்ணெய் சரியாகக் காயவில்லை. இருந்தாலும் இரண்டு சாப்பிட்டேன், மேலே என்ன கிடைக்குமோ. கோமுகி அணையைத் தாண்டியதும் பஸ் முனகிக்கொண்டு மலை ஏறத் தொடங்கியது. ஜன்னல் வழியாகக் குளிர் வந்தது. இரண்டாவது ஸ்வெட்டரைப் போட்டு, குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கண்டக்டர் என் பையைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா சார், மேல கல்யாணமா?"

"இல்லிங்க. பொண்ணு பட்டினி கெடக்குது."

"எங்க?"

"வெள்ளிமலையில."

"அங்க மூணு பரோட்டா கடை இருக்குதே சார்" என்றார். பிறகு என் குல்லாவைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

செல்வி வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி பெயர் சின்னப்பொண்ணு. நாற்பத்தைந்து வயது இருக்கும். சாமையும் மொச்சையும் போடுகிற குடும்பம். நான் போய் நின்றபோது சாதாரணப் புடவையில், தலையில் ஒரு துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு வாசலில் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இன்னாண்ணே, காஷ்மீருக்கு டிக்கெட் எடுத்துட்டு தப்பா எறங்கிட்டீங்களா?"

சாயங்காலம் செல்வி வேலை முடித்து வந்தாள். இளைத்துத்தான் இருந்தாள். ஆனால் பட்டினி கிடக்கிறவள், வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையால் தூக்கி உள்ளே வைக்கமாட்டாள். நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

அவள் சமையலை நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தேன். சாமை ஒரு அடுப்பில். முந்தின நாளே ஊறப்போட்ட கொள்ளு இன்னொரு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. வெந்த தண்ணீரை வடித்து, தக்காளியைப் பிசைந்துவிட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். வெந்த கொள்ளைப் புளி, மிளகாயோடு அரைத்துத் துவையல் ஆக்கினாள். பூசணிக்காயும் சின்னப்பொண்ணு தந்த மொச்சையும் ஆவியில் வெந்தன. முருங்கைக்கீரை ஒரு பிடி சின்ன வெங்காயத்தோடு வதங்கியது, தண்ணீரில். எண்ணெய் பாட்டில் எங்கே என்று தேடினேன். ஜன்னல் மேல், தலைக்குத் தேய்க்கிற பாட்டில் அளவில் ஒன்று நின்றது.

"மாசத்துக்கே அது போதும்பா" என்றாள்.

பிறகு அவள் செய்த காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. வெறும் இரும்புக் கரண்டியை அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் கடுகைப் போட்டாள். கடுகு வெடித்தது. இருபத்தாறு வருஷமாக அது எண்ணெயில்தான் வெடிக்கும் என்று நினைத்து அதற்குச் செலவு செய்துகொண்டிருந்தேன்.

"எதுக்கும்மா இந்தத் தண்டனை?"

"தண்டனை இல்லப்பா. கலோரி கம்மி, வயிறு நெறையும், சூடாவும் இருக்கும். மலை ஏறணும்ல."

கலோரி எனக்குப் புதுசு அல்ல. ஒரு பஜ்ஜியில் எத்தனை கலோரி என்று போன வருஷம் ஒருத்தர் கடையில் கேட்டார். பத்து ரூபாய்க்கு எவ்வளவு வருமோ அவ்வளவு என்று சொல்லி அனுப்பினேன்.

தட்டு வந்தது. சாமைச் சோற்றைவிடக் காயும் கீரையும் அதிகம். ரசத்தில் புகை பறந்தது. தோல்வியை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற முடிவோடு உட்கார்ந்தேன். மூன்றாவது வாயில் காது சூடானது. இரண்டாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டபோது நெற்றியில் வேர்த்தது. ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

"இன்னாப்பா, சூடு ஏறுதா?"

"ரூம்ல காத்து வரல" என்றேன்.

செல்வி இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஊருக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்று அப்போது சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "நாளைக்குப் புதன்கிழமை, தடுப்பூசி நாள். மேல ஒரு ஊருக்குப் போவணும். கூட வா. அப்புறம் நீயே அம்மாகிட்ட சொல்லு, வரணுமா வேணாமான்னு" என்றாள். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. வசந்தா என்னிடம் பேசுகிற அதே குரல்.

விடிவதற்குள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வயிற்றில் கொழுப்பே இல்லாமல் இந்தக் குளிரில் மலை ஏறினால், பாதி வழியில் நான் கல்லாகி நின்றுவிட்டால்? செல்வி எழுந்திருக்குமுன் பையைத் திறந்து எட்டு அதிரசம் சாப்பிட்டேன். உள்ளே போடுகிற மூன்றாவது ஸ்வெட்டராகவே அவற்றைக் கருதினேன். செல்வி மிளகு தட்டிய சாமைக் கஞ்சியை ஆவி பறக்க இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எனக்கும் நீட்டினாள். விரதம் என்று சொல்லிவிட்டேன்.

மண் ரோடு முடியும்வரை ஜீப். ஆளுக்கு முப்பது ரூபாய். அதற்கு மேல் நடைதான். "மூணு கிலோமீட்டர் இருக்கும்ணே, சும்மா பக்கம்" என்றாள் சின்னப்பொண்ணு. தன் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பதால் அவளும் கூட வந்தாள். செல்வி தோளில் தடுப்பூசிப் பெட்டி, முதுகில் ஒரு பை. என் தோளில் மிச்ச அதிரசம்.

முதல் ஏற்றத்தில் நான் அரசியல் பேசினேன். இரண்டாவது ஏற்றத்தில் பேச்சு நின்றது. மூன்றாவதில் மூச்சும் நிற்கப் பார்த்தது. நெஞ்சை ஏதோ அடைத்தது. இடது கை மரத்தது. பையைத் தொங்கவிட்டிருந்த கை அதுதான் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஒரு பாறைமேல் சாய்ந்தேன்.

"செல்வி, அப்பாவுக்கு வந்துடுச்சும்மா."

"இன்னா வந்துச்சு?"

"அதுதான். கடையை அம்மா பேர்ல மாத்திடு. பெரிய சட்டியை மட்டும் வித்துடாதீங்க."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியை நிழலில் வைத்துவிட்டு, என் ஸ்வெட்டரைக் கழற்றி, பிரஷர் மிஷினைக் கையில் சுற்றினாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து இரண்டையும் மறுபடி பார்த்தாள். அப்புறம்தான் அவள் முகம் இளகியது.

"பிரஷர் சரியா இருக்குது, நாடியும் சரியா இருக்குது. காலையில இன்னா துன்ன?"

"விரதம்."

சின்னப்பொண்ணு குனிந்து என் முகத்தருகே மோந்து பார்த்தாள். "விரதம் வெல்லமும் ஏலக்காயுமா மணக்குதே."

"எத்தினிப்பா?" என்றாள் செல்வி.

எட்டு விரலைக் காட்டினேன். பிளாஸ்கிலிருந்து சூடான கொள்ளு ரசத்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். சுடச்சுடக் குடித்தேன். ஒரு ஏப்பம் வந்தது. எதிர்மலைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கும். நெஞ்சில் இருந்த பாறை அதோடு போய்விட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் படுத்திரு. வலி திரும்ப வந்தா அக்கா ஒரு சத்தம் குடுப்பாங்க, ஓடியாந்துடுவேன். பெட்டியில ஐஸ் கரையும், கொழந்தைங்களை வெச்சிகினு காத்துகினு இருப்பாங்க." பெட்டியை மாட்டிக்கொண்டு ஏறினாள். நான் கீழிருந்து பார்த்தேன். எங்கேயும் நிற்கவில்லை, இடுப்பில் கை வைக்கவில்லை. நான் எட்டு அதிரசத்தோடு படுத்துக் கிடந்த சரிவை அவள் இரண்டு டம்ளர் கஞ்சியோடு தாண்டிப் போனாள்.

அந்தப் பாறையில்தான் சிக்னல் கிடைக்கும் போலிருக்கிறது. போன் அடித்தது. வசந்தா.

"துன்னாளா? எப்ப கெளம்புறீங்க?"

"அவ வரல."

"வரலன்னா? நீங்க எதுக்கு அங்க போனீங்க?"

"கூப்பிட வந்தேன்னு சொன்னேன், அவ்ளோதான். இனிமே கூப்பிட மாட்டேன்."

சின்னப்பொண்ணு மலையைப் பார்க்கிற மாதிரி காதை இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

"அங்க இன்னா துன்னுவா அவ?"

"ரெண்டு தட்டு துன்றா. என்னைவிட ஜாஸ்தி. நீ பார்த்த எலும்பு பட்டினி எலும்பு இல்ல வசந்தா, ஏறி எறங்குற எலும்பு. அந்த ஆஸ்பத்திரிக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு."

"வூட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள். மாரடைப்பு என்று நினைத்தபோதுகூட இவ்வளவு வேர்க்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் "மாட்டேன்" அது. அதையும் படுத்துக்கொண்டே சொன்னேன்.

மெதுவாக மேலே போய்ச் சேர்ந்தேன். கூரை போட்ட ஒரு மேடையில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள். செல்வி ஊசி போட, குழந்தைகள் ஒன்று மாற்றி ஒன்று வீறிட்டன. பையைத் திறந்து தாய்மார்களுக்கு அதிரசம் கொடுத்தேன். ஒரு பெண் பிட்டுத் தின்றுவிட்டு, "நல்லா இருக்குதுங்க. யார் செஞ்சது?" என்றாள். நான்தான் என்றேன். இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எண்ணெயின் மானம் அந்த மேடையில் காப்பாற்றப்பட்டது. இதைப் படித்துவிட்டு பஜ்ஜிக்காரன் திருந்திவிட்டான் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் மலை இறங்கினேன். காலியான பையில் சின்னப்பொண்ணு ஒரு படி கொள்ளும், கொஞ்சம் சாமையும் போட்டிருந்தாள். அணைக்குக் கீழே வந்ததும் புழுக்கம். குல்லாவைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். மேலே குளிரில், எண்ணெய் இல்லாத ரசத்தைக் குடித்துவிட்டு மனிதர்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கீழே வெயிலில் நாங்கள் பஜ்ஜி தின்றுவிட்டு லிப்ட் எங்கே என்று கேட்கிறோம். இரண்டு ஊருக்கும் நடுவில் முழுசாக ஒரு நாள் பயணம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கடுகு வெடித்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன்; வசந்தா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சமையலறையில் அந்தக் கொள்ளுப் பையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே, "எண்ணெய் இல்லாம கடுகு நெசமாவே வெடிச்சுதா?" என்று கேட்டாள்.

வெடித்தது. செல்வி வெள்ளிமலையிலேயே இருக்கிறாள். அந்தப் பாறையில் எனக்கு வந்தது வெறும் ஏப்பம்தான்.