கார்ட்ரிட்ஜுக்கு லோடு வைத்த காது

ரெக்கார்டு பிளேயருக்கு லோடு வைக்கக் கும்பகோணத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். மைக்செட்காரர் ஒருவரிடம் சேர்ந்து, திருவிழாவுக்குத் திருவிழா குழாய் ஸ்பீக்கர் கட்டி, அதன் வாயடியிலேயே படுத்துத் தூங்கி, கம்பிகளை ஒட்ட ஈயம் வைக்கக் கற்றேன். பிறகு சொந்தக் கடை. கடைக்குப் பின்னாலேயே மாடி வீடு. சென்னையிலிருந்து இன்ஜினியர்கள் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள்.

லோடு என்பது இதுதான். இசைத்தட்டில் ஓடும் ஊசி ஒரு சின்ன டப்பியில் மாட்டியிருக்கும். அதற்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். ஊசியின் அதிர்வை அது மின்சாரமாக்கி அனுப்பும். கொசு முனகுகிற அளவு மின்சாரம்தான். ஆம்ப்ளிபயருக்குள் நுழைகிற இடத்தில் அதன்மேல் எவ்வளவு சுமை ஏற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுமை கூடினால் குரல் மங்கிவிடும், குறைந்தால் கீச்சிடும். ஒரு ரெசிஸ்டர், பயறு அளவில் ஒரு கண்டன்சர், இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வைக்கலாம் என்று கார்ட்ரிட்ஜோடு வரும் தாளில் இங்கிலீஷில் போட்டிருக்கும். நான் அதைப் பிரித்ததே கிடையாது. "தாளைப் பாத்து வைக்கிறவன் மெக்கானிக்கா? காதால வைக்கணும்" என்பேன்.

அந்தக் காது என் மனைவியுடையது.

கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். நான் இசைத்தட்டைப் போட்டதும் உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏங்க, அந்தம்மா வெத்தலைய அடக்கிக்கிட்டுப் பாடுது."

ரெசிஸ்டரை மாற்றுவேன்.

"இப்ப தகரத்துல ஆணியால கீறுறீங்க. பல்லு கூசுது."

கண்டன்சரைக் குறைப்பேன். அப்புறம் தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அவள் பேசவில்லை என்றால் லோடு சரி. நான் வந்தவர் பக்கம் திரும்பி, "எப்படி நம்ம காது?" என்பேன்.

ஒரே ஒரு தடவை கேட்டாள்: "எம் பொண்டாட்டி சொன்னான்னு ஒரு நாளு சொன்னா உங்க மீசை உதுந்துருமா?"

"நீ ரசத்தப் பாருடி" என்றேன்.

போன ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சல். போய்விட்டாள்.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கடை திறக்கவில்லை. திறந்ததும் முதலில் வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற கல்லூரி வாத்தியார், பல வருஷமாக என்னிடம் வருகிறவர். புதுக் கார்ட்ரிட்ஜ் மாட்டி லோடு வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். இதைச் சரியாக வைத்துவிட்டால் நான் நான்தான், வைக்காவிட்டால் இத்தனை வருஷப் பேரும் பொய் என்று எனக்கே தெரிந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தேன். எதைப் போட்டாலும் மங்கலாகவே கேட்டது. சுமையைக் குறைத்துக் குறைத்து, எனக்குப் பளிச்சென்று கேட்ட இடத்தில் ஈயம் வைத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வாத்தியார் பிளேயரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஜால்ரா சத்தம் மண்டையப் பொளக்குது. எங்க வீட்டுல எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"உங்க ஸ்பீக்கர் சரியில்ல சார்."

"நீங்க கொடுத்த ஸ்பீக்கர்தான்."

கடையிலேயே போட்டுக் காட்டினார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது, கீச்சென்ற சத்தம் எதுவும் என் காதில் ஏறுவதில்லை. குழாய் ஸ்பீக்கரடியில் படுத்த நாளிலேயே போயிருக்க வேண்டும்.

"சார், இது என் காது இல்ல. இவ்வளவு நாளும் அவதான் வச்சா" என்றேன். சொல்லும்போது உட்கார்ந்துவிட்டேன்.

வாத்தியார் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தெரியும்ணே. அந்தத் திரைச்சீலை என்ன செவுரா? தகரம், ஆணி எல்லாம் எங்க காதுலயும் விழும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கலாம்னு இருந்தேன். தண்ணி கொண்டாந்து குடுக்கறப்ப அவங்கதான் மெதுவா சொன்னாங்க. 'அவர்கிட்ட அதக் கேட்டுராதீங்க சார், மனுசன் அதுலதான் நிமிந்து நிக்கிறாரு'ன்னாங்க."

கார்ட்ரிட்ஜோடு வந்த தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். படித்துச் சொன்னார்: ரெசிஸ்டர் நாற்பத்தேழு கிலோ ஓம்ஸ். கண்டன்சருக்கும் ஒரு அளவு சொன்னார். அப்படியே வைத்தேன். தட்டைப் போட்டதும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சரியா இருக்குண்ணே" என்றார். எனக்கு அதுவும் மங்கல்தான்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். தாளைப் படிக்கச் சொல்கிறேன், எதிரே உட்கார்ந்து கேட்கச் சொல்கிறேன், அவர்கள் தலையாட்டிய பிறகுதான் மூடியை முடுக்குகிறேன். "இதுக்கு முன்னாடி இங்கேருந்து போனதெல்லாம் என் வீட்டுக்காரி வச்சது" என்று எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் தெரியும் என்கிறார்கள். தெரியாதவர்கள், "அப்படியா, கூப்பிடுங்க, ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறோம்" என்று எழுந்து நிற்கிறார்கள்.