என் கையால் தடவிய களிம்பு

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

எழுபதுகளில் பரளச்சியில் என் கணவர் மளிகைக்கடை வைத்திருந்தார். கல்யாணமாகாத நாத்தனார் எங்களோடு இருந்தாள். முதுகிலும் காலிலும் செதில் செதிலாய் உதிரும் படை அவளுக்கு. வந்த வரன் எல்லாம் அதனாலேயே தட்டிப்போனது. டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, தடவி மேலே பாலிதீன் தாளைச் சுற்றிக் கட்டச் சொன்னார், பதினைந்து நாளைக்கு மட்டும். படை இருந்த இடம் தெரியவில்லை. விடுவோமா? காலி டியூபைக் காட்டினால் மருந்துக்கடையில் புதுசு தருவார்கள். இனிப் பரவக்கூடாது என்று நல்ல தோலிலும் சேர்த்து எட்டு மாதம் நானே தடவினேன்.

வீட்டுக்குத் தூரமானால் மூன்று நாள் அவள் அடுப்படிக்கு வரமாட்டாள். சமையல் முழுக்க என் தலையில் விழும். மூன்று மாதமாக அந்தச் சிரமமே எனக்கு வரவில்லை என்பது ஒருநாள் உலை வைக்கும்போது உறைத்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். முகம் பூரித்து உருண்டிருந்தது. வயிறும் மேடிட்டிருந்தது.

யார்? கடைக்கு லோடு இறக்க வரும் லாரி டிரைவருக்கு அவள் இரண்டு தடவை தண்ணீர் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது போதாதா? ஹாரன் கேட்டால் அவள் முகத்தைப் பார்த்தேன். கொல்லைப்பக்கம் போனால் பின்னாலேயே போனேன். கணவரிடம் மூச்சுவிடவில்லை, தெரிந்தால் அவளை வெட்டிப்போடுவார். துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லி அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போய் லேடி டாக்டர் முன்னால் நிறுத்தினேன்.

அவர் நிதானமாகச் சோதித்தார். "கர்ப்பமெல்லாம் இல்ல. என்ன மருந்து போடுறீங்க?"

களிம்பைப் பற்றிச் சொன்னேன். முதுகைத் திருப்பிப் பார்த்தார். தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது.

"இவ்வளவு நாளாவா? தோல் வழியா ரத்தத்துல கலந்து உடம்போட சுரப்பையே கெடுத்திருக்கும்மா. முகம் வீங்கினது, தீட்டு நின்னது எல்லாம் அதனாலதான். சட்டுன்னு நிறுத்தாதீங்க, நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. கெடுத்தது என் கைதான் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள். "மதினி, புள்ளைன்னு அந்தம்மா சொல்லியிருந்தா என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பீகளா?"

"இதென்னடி கேள்வி? கூட்டிட்டு வராம?" என்றேன்.

பொய். கர்ப்பம் என்றால் அப்படியே மதுரையில் என் பெரியம்மா வீட்டில் தள்ளிவிட்டு வருவதாகத்தான் கிளம்பியிருந்தேன். அவள் எங்கள் நடுவில் இருந்த என் பைக்குள் கையை விட்டு, காலையில் அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்து வைத்திருந்த அவளுடைய சேலைகள் இரண்டையும் வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.